மஞ்சள் தொப்பிக்காரன் கை ஆட்டியது

சமீப காலமாக என்னென்ன விளையாடுகிறேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள், செயலாளர் சார். மூன்று விளையாட்டுகள். முதலாவது, ஒரே நிறப் பொத்தான்களை மும்மூன்றாகச் சேர்ப்பது. நாளெல்லாம் பொத்தானோடு மாரடிக்கிறவள் ஓய்வு நேரத்திலும் அதையே செய்கிறாளே என்று சிரிக்காதீர்கள், இதில் ஊசி குத்தாது. இரண்டாவது, நெருக்கடியான சந்தில் காரை நிறுத்துவது. இதுவரை நானூறு காரை இடித்திருக்கிறேன். ஒருவரும் இறங்கி வந்து சட்டையைப் பிடிக்கவில்லை. மூன்றாவது, தோட்டம். நீங்கள் கேட்பது அதைப் பற்றித்தான் என்று தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்வதுதானே முறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் கூடி, அந்த வாரம் யார் என்ன விளையாடினோம் என்று சொல்லிக்கொள்கிற வழக்கத்தை நம் குடியிருப்பில் தொடங்கியது நீங்கள்தான். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நாலு பேர் வருகிறார்கள், விளையாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் நாற்பது பேர் வருகிறார்கள் என்று கண்டுபிடித்தீர்கள். அதற்காக நான் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவள். பதினெட்டு வருடமாகத் தரைத்தளத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, கால்சட்டைக்கு நீளம் குறைத்து, ஜிப் மாற்றித் தந்து, ஜிப் அக்கா என்று பெயர் வாங்கி நான் தெரிந்துகொண்டதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது அதிகம். உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர், அந்தத் தோளை வைத்துக்கொண்டு, பொம்மைக்குக் கவுன் மாட்டுகிறார். பல் டாக்டர் மணிக்கணக்கில் மீன் பிடிக்கிறார். அவருக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்த யாரும் நம்ப மாட்டார்கள். போர் விளையாட்டில் உங்களை நாலாவது மாடி ஆறாம் வகுப்புப் பெண் வாரத்துக்கு எத்தனை முறை சுட்டுத் தள்ளுகிறாள் என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை. சும்மா நினைவு வந்தது.

தோட்ட விளையாட்டு மட்டும் நம்மில் பாதிப் பேர் ஆடுவது. ஆளுக்கொரு பாத்தி, வேலிக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வேளை தண்ணீர் ஊற்றாவிட்டால் பயிர் வாடிவிடும். அதனால் நம் கட்டடத்தில் யார் வெளியூர் போனாலும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவியையும், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கடவுச்சொல்லையும் சேர்த்தே என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தரைத்தளத்தில் இருக்கிறவள், எப்போதும் வீட்டில் இருக்கிறவள், கேட்காமலே விசாரிக்கிறவள். என்னைவிட்டால் வேறு யார்?

மூன்றாவது மாடி லிப்ட் மெக்கானிக்கும் அப்படித்தான் வந்தார். புதுக் கட்டடம் ஒன்றுக்கு லிப்ட் பொருத்த மூன்று வாரம் வெளியூர். அவருக்குச் சாவி கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, மனைவி வீட்டில் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவள். 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் கேட்டு அவளுடைய பாத்தியும் ஒரு கோடு பிசகாமல் வரிசையாக இருக்கும். மாதா மாதம் மகசூலில் புருஷனைத் தோற்கடித்து, ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரிப்பாள். மனிதர் வெந்து போயிருந்தார்.

"அக்கா, லிப்ட் குழிக்குள்ள சிக்னல் எட்டிக்கூடப் பாக்காது. ரெண்டு வேளை தண்ணி மட்டும் ஊத்திடுங்க. அவகிட்ட மூச்சு விட்றாதீங்க, மானம் போயிடும். இந்த மாசம் நான் ஜெயிச்சே ஆகணும்."

"ஜெயிக்கப் போறது நீயா, நானா?"

"ஊருக்குத் தெரியப் போறது நான்தானே அக்கா," என்றார்.

பதினோராவது நாள், விடுதி அறையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. நான் எப்படி அழுதேன் என்று எல்லோரும் பார்த்தீர்கள். அதில் நடிப்பு இல்லை.

காரியமெல்லாம் முடிந்து நாலாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் போனில் அலாரம் அடித்தது. தோட்டத்துக்காக நான் வைத்த அலாரம். கை தன்னால் போனது. அவருடைய தக்காளியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. மஞ்சள் தொப்பி போட்ட குட்டி மனிதர், அதுதான் அவர், வாசலில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றினேன். வேலிக்கு அப்பால் அவளுடைய தக்காளியும் வாடியிருந்தது. பாவம் என்று அதற்கும் ஊற்றினேன். இதில் எந்த இடத்தில் நான் தப்பு செய்தேன் என்று யாராவது விரல் வைத்துக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஒரு பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். ஜிப் சரியில்லை என்றாள். இழுத்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது.

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன், சொல்லும்மா."

"நேத்து நாலு மணிக்கு அவர் வந்தார். என் தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போனார்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அவர் போன் பீரோவுல செத்துக் கிடக்கு அக்கா. எடுத்துத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்கு."

வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. ஆனால் அவள் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். காலையில் எழுந்து தலை சீவியிருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே, 'அது நான்தாண்டி அம்மா' என்று சொல்ல நீங்களாக இருந்தாலும் நா எழாது. நன்றாக இருந்த ஜிப்பைக் கழற்றி, அதையே திரும்பத் தைத்துக் கொடுத்தேன்.

அந்த விளையாட்டில் பேச்சு கிடையாது. நாலே நாலு சைகை: கை ஆட்டலாம், கை தட்டலாம், மாட்டேன் என்று தலையசைக்கலாம், உட்கார்ந்து தூங்கலாம். பாத்தி வாசலில் ஒரு மரப்பலகை உண்டு, அதில் ஒரு வரி எழுதலாம். 'வெங்காயம் மிச்சம் இருக்கிறது' என்கிற மாதிரி. அவள் அன்றைக்குப் பலகையில் 'நீங்களா?' என்று எழுதியிருந்தாள். நான் கை தட்டினேன். ஒரே ஒரு தட்டல். அதற்கு இத்தனை பெரிய விசாரணையா என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு கேள்விகள் வந்தன. தட்டினால் ஆமாம், தலையசைத்தால் வேண்டாம். கேட்பதற்கு முன் என்னிடம் வந்து யோசனை கேட்பாள். பலகையில் இடம் சின்னது. கேள்வியை எப்படிச் சுருக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுவோம். கேள்வியையும் எழுதிக் கொடுத்து நாலு மணிக்குப் பதிலையும் சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை, சார். இதற்கு நடுவில் கால்சட்டைகள் வேறு.

முதலில் பைக். அவருடைய பைக்கை ஓட்டக் கற்றுக்கொண்டு கடைக்குப் போகலாமா, அல்லது விற்றுவிடலாமா என்று யோசித்தாள். அந்த வண்டி என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும், கிளம்பும்போது ஆஸ்துமாக்காரர் மாதிரி இருமும். தவிர, நடந்து போகிறவள் என் ஜன்னலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். பைக்கில் போகிறவள் நிற்பாளா? 'விற்கட்டுமா?' என்று எழுதினாள். தட்டினேன். அழுதுகொண்டே விற்றாள்.

அப்புறம், அவள் கடைக்குக் கண்ணாடிச் சட்டங்கள் கொண்டுவந்து கொடுக்கிற விற்பனையாளர். என்னிடம் கால்சட்டை திருத்தியிருக்கிறார். இடுப்பு முப்பத்திரண்டு, குணம் தங்கம். 'ஒரு காபி குடிக்கக் கூப்பிடுகிறார், போகலாமா?' என்று இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதினாள். நான் மூன்று முறை தலையசைத்தேன். இந்த மாதிரி விஷயத்தில் அவசரம் கூடாது என்பது என் கருத்து. அந்த மனிதர் பிறகு என்னிடமும் துணி கொடுக்க வரவில்லை. எனக்கும் நஷ்டம்தான், அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிறகு அண்ணன். வேறு ஊரில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை திறந்திருக்கிறார். தங்கை பெயரும் பலகையில் இருக்கும், கண் பார்க்கத் தனி அறை, வந்துவிடு என்று கூப்பிட்டார். ஒரு வருடத்தில் மூன்று முறை கூப்பிட்டார், மூன்று முறை அவள் பலகையில் கேட்டாள், மூன்று முறை மஞ்சள் தொப்பிக்காரர் தலையசைத்தார். கடைசியில் அண்ணன், "செத்தவன் சொல்றான்னு அந்த ரெண்டு ரூமுலயே நீயும் செத்துக் கிடக்கப் போறியா?" என்று போனில் கத்தினாராம். என்னிடம் வந்து சொல்லி அழுதாள். எனக்கு அந்த அண்ணனை எப்போதுமே பிடித்ததில்லை.

என் கடைவாய்ப் பல் காட்டிக் கொடுத்தது. போன மாதம் நம் மீன்பிடிக்கிற டாக்டர் அதைப் பிடுங்கியதில் இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் வந்தாள். "உங்களுக்கும் உடம்பு சரியில்ல, அவரும் லீவு போட்டுட்டார் அக்கா," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வீங்கிய கன்னத்தோடு நானும் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அடுத்த வாரம் வந்து, "அண்ணன் கடைசியா கூப்பிடுறார் அக்கா. இன்னிக்கு எழுதிக் கேக்கப் போறேன்," என்றாள். கேள்வியைச் சுருக்க உதவியும் கேட்டாள். நாலு மணிக்கு ஒரு மடிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவசரமாக உள்ளே போய், பலகை முன்னால் நின்று, நன்றாகத் தலையசைத்துவிட்டு வந்தேன். பலகையைப் படிக்கவில்லை. எப்படியும் என்ன எழுதியிருப்பாள் என்று தெரியுமே. அவள் பலகையில் ஒன்றுமே எழுதவில்லை, சார். வெற்றுப் பலகைக்கு முன்னால் நின்று நான் வேண்டாம் வேண்டாம் என்றிருக்கிறேன். கண் பார்க்கிறவள் அல்லவா, என்னையும் உட்காரவைத்துச் சோதித்துவிட்டாள்.

இறங்கி வந்தாள். கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பைக்கை விக்கச் சொன்னது யாரு அக்கா?"

"சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சும்மா."

"அந்தக் காபி?"

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

"பதினாலு மாசம்," என்றாள். "வாடாம பாத்துக்கிட்டீங்க அக்கா. நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். மாடியில் நாற்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கவுன் மாட்டுகிறவர் எல்லாம் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். இனி அந்தத் தோட்டத்தை யாரும் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. இன்று காலை பத்து மணிக்கு, அவள் கண்ணெதிரே, நீங்கள் என் போனை வாங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, புதியதை எனக்குக் காட்டாமல் ஒரு தாளில் எழுதி மடித்தீர்கள். அதைச் சட்டைப் பையில் வைத்து, குழந்தையைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டீர்கள்.

கடவுச்சொல்லைத்தான் மாற்றினீர்கள். என் போனில் தோட்டம் திறந்தபடியே இருக்கிறதே, அதையும் மூடிவிடுங்கள் என்று நீங்கள் யாரும் சொல்லவில்லை. ஒருமுறை உள்ளே போய்விட்டால், கடவுச்சொல்லை மாற்றினாலும் அது மறுபடி கேட்காது. நானாக ஏன் சொல்ல வேண்டும்? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித்தானே போன முறை மாட்டினேன்.

பதினொரு மணிக்கு லாரி வந்தது. அண்ணன் அனுப்பியது. கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது. நான் ஜன்னலில் நின்றேன். அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. தக்காளி எப்படி இருக்கிறது என்று கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் போனை எடுத்தேன். அவளும் அங்கே இருந்தாள். நீலத் தாவணி போட்ட குட்டிப் பெண், வேலியோரமாக, அசையாமல் நின்ற மஞ்சள் தொப்பிக்காரருக்கு எதிரில். மேலே காலி அறையில், ஏதோ ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்திருப்பாள். பலகையில் 'போய்ட்டு வரேன்' என்று எழுதியிருந்தாள். இந்த முறை படித்தேன்.

கை ஆட்டினேன்.

மாடியிலிருந்து ஓடி வந்தாள். செருப்புகூட இல்லை. லாரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த உங்கள் சட்டையைப் பிடித்து, "அந்தச் சீட்டு எங்க சார்?" என்றாள். நீங்கள் எடுத்துக் காட்டினீர்கள். மடித்தது மடித்தபடி. "யாரும் தொடலம்மா, என் பைலதான் இருக்கு," என்றீர்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் நீங்கள், அது ஊருக்கே தெரியும். அப்போது அவள் முகத்தை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். கட்டிலைத் திரும்ப மாடிக்கே ஏற்றச் சொன்னாள். அண்ணனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னாள். அரை மணி கழித்து நீங்கள் என் வாசலுக்கு வந்து, "உண்மையைச் சொல்லுங்க, இப்ப என்ன விளையாடிக்கிட்டிருக்கீங்க?" என்றீர்கள். இதோ எழுதிவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

இதை அவளிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. காட்டுகிறதாக இருந்தால் நீங்களே மூன்று மாடி ஏறிப் போய், அந்த முகத்துக்கு நேரே நின்று காட்டுங்கள். உங்களுக்கு மனசு வருகிறதா பார்க்கலாம். உங்கள் சட்டைப் பையையும் சேர்த்துத்தான் அவள் நம்பியிருக்கிறாள்.

ஒன்றை மட்டும் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். போய் வா என்றுதான் நான் கை ஆட்டினேன். அதற்குப் பிறகும் ஒருத்தி இருந்துவிட்டாள் என்றால், அவளுக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.