மேசையில் போன் கூடாது

வன்னியில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்த வாரம். டென்மார்க்கில், ஹேர்னிங்கிலிருந்து இக்காஸ்ட் போகும் காலை ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். இளையவர் கைபேசியை அடிக்கடி எடுத்துப் பார்த்தார்.

“எனக்கு விசரன்கள் விளையாடுற போக்கர் மேசை ஒண்டு வேணும், அண்ணை. இன்ரநெற்றிலை எல்லாரும் நல்ல கடதாசி வருமட்டும் காத்திருக்கிறாங்கள்.”

“அப்ப சனிக்கிழமை கிளப்புக்கு வாவன். சின்னக் காசுதான். டெனிஸ்காரர் பியரைக் குடிச்சுப்போட்டு ஒண்டுமில்லாத கடதாசிக்கும் காசு வைப்பினம்.”

“அங்கை போனை நிப்பாட்டவேணுமாம்.”

“ரண்டு மணித்தியாலத்திலை என்ன குடியே முழுகப்போகுது?”

“தங்கச்சி எடுப்பாள். முள்ளிவாய்க்காலாலை வெளிக்கிட்டவள் எண்டுமட்டும்தான் தெரியும்.”

மூத்தவர் யன்னல் பக்கம் திரும்பினார். இளையவர் மறுபடி பேசினார்.

“நானும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்து, கொம்பியூட்டரிலை இன்னும் எட்டுப்பேர் காத்திருக்கிறதைப் பாக்கேலாது.”

ரயில் வேகம் குறைந்தது.

“சனிக்கிழமை வா. நீ விளையாடு. நான் உன்ரை போனோடை வாசலிலை நிக்கிறன்.”

“அவளுக்கு உங்கடை குரல் தெரியாதே, அண்ணை.”

“தமிழ் தெரியும்தானே,” என்று மூத்தவர் எழுந்தார்.