கீழ்க்கோடு போட்ட மூணு நிமிஷம்

...இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க, நானா பொறுப்பு? அடுத்த வீட்டு அடுப்படிக்குள்ள நுழைஞ்சு, உப்புன்னு நெனச்சு சர்க்கரைய அள்ளிப் போட்டுட்டு, வீட்டுக்காரன் மேலயே பிராது குடுக்கறானே என் மச்சான் வஜ்தி!

என் பொழப்பு புரோகிராம் எழுதுறது. நோன்பு தொறக்கிற நேரத்தக் கணக்குப் போட ஒண்ணு எழுதி, இலவசமா விட்டிருக்கேன். யாரு வேணா எடுத்து அவங்கவங்க ஆப்புல சேத்துக்கலாம். துனிஸ்ல பாதிப் பேரு... சரி, பாதி இல்ல, ரெண்டு தெரு. அதுல நாலே நாலு கட்டளைதான் ஊருக்குப் பொது. அத மாத்த மாட்டேன், சத்தியம். மத்ததுக்கெல்லாம் பேருக்கு முன்னாடி ஒரு கீழ்க்கோடு. கோடு இருந்தா, அது எங்க அடுப்படி, வெளியாளு நுழையாதேன்னு அர்த்தம். எங்க தொழில்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும்! உள்ள நான் டப்பாவ இஷ்டத்துக்கு மாத்தி வைப்பேன்.

வச்சேன். செவ்வாக்கெழம. சூரியன் விழுந்தப்புறம் பாதுகாப்புக்கு மூணு நிமிஷம் கூட்டுவோம்ல, அத அடுப்படிக் கட்டளைலேர்ந்து எடுத்துப் பொதுக் கட்டளைல போட்டேன். வாசல் வழியா வந்தவனுக்கு ஒரு குறையும் இல்ல. வஜ்தியோட ஆப்பு அடுப்படி வழி! மூணு நிமிஷம் முன்னாடியே மணி அடிச்சிருச்சு. என் மாமனாரு ஷாத்லி அம்பது வருசமா ஒரு நோன்பு விட்டதில்ல... வாயில சூப்பு, அப்பதான் பள்ளிவாசல்ல பாங்கு! அந்த நோன்பு போச்சு. "அந்த மூணு நிமிஷத்த எடுத்தவன் என் வாசப்படி மிதிக்கப்படாது"ன்னுட்டாரு. என் பொண்டாட்டி அங்கதான் இருக்கா, மாசமா. அதான் மாமனாரு ஊரு மர்ஸாவுக்கு, நோன்பு தொறக்கறதுக்கு முன்னாடி விடற இந்தக் கடைசி ரயிலு. நான் போய்ச் சேரும்போது எல்லாரும் வயிறு நெறைய சாப்ட்டிருப்பாங்க, கோவம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பழையபடி மாத்துன்னு வஜ்தி கெஞ்சுறான். மாட்டேன்! விட்டா அடுப்படியும் பொதுவாயிரும்.

என்ன கேட்டீங்க? அவனுக்கு அந்த வழிய யாரு காட்டினதா? அது... கேள்வி பதில் பக்கம் ஒண்ணு இருக்கு. போன வருசம் எவனோ கேட்டிருக்கான், "பொதுக் கட்டளை மெதுவா ஓடுது, கீழ்க்கோடு போட்டத நேரா கூப்பிடலாமா?"ன்னு. கீழ ஒரு மேதாவி பதில்: "தாராளமா கூப்பிடுங்க, அது மாறவே மாறாது."

மேதாவி பேரா? ...நான்தாண்ணே. கேட்டது வஜ்தின்னு எனக்கென்ன தெரியும்! பொதுவா ஆக்கினா விளக்கம் எழுதணும், காலத்துக்கும் காப்பாத்தணும்... ஒரு வரியோட தப்பிச்சுக்கப் பாத்தேன். சோம்பேறித்தனந்தான், போதுமா?

அட, பேரீச்சம்பழத்த எடுத்துட்டீங்க? பாங்கே கேக்கலியே... போன்ல மணி அடிச்சுதா? எந்த ஆப்பு, காட்டுங்க...

ஐயோ, வஜ்தி! அண்ணே, வாயில போடாதீங்க, இன்னும் மூணு நிமிஷம் இருக்கு! இந்தப் பைய கொஞ்சம் பிடிங்க, லேப்டாப்ப எடுக்கறேன்... மூணு நிமிஷத்தையும் பழைய எடத்துலயே வச்சு, அந்தக் கோட்டையும் எடுத்துத் தொலைக்கறேன்.