நமேலே ஓலைக்கு இந்தப் பக்கம்

— நிறுத்து பொண்ணே. யாரும் எரு கொண்டு தாண்டக் கூடாதுன்னு ரோட்டு நடுவுல நமேலே ஓலை நட்டிருக்கேன், கண்ணு தெரியல? முன் சக்கரம் தாண்டிடுச்சு பாரு.

— நான்தான், கலோரிப் தலைவரே. லெய்சாவி. பயிர் நோய் ஆபீஸ்.

— உன்னத் தெரியாமலா? பின்னால மூட்டையில என்ன?

— மாட்டெரு. அந்தப் பக்கம் நாத்துக்கு.

— கேளு. எருவுலயும் மக்குன தென்னங்கட்டையிலயும்தான் தென்னையக் கொல்ற கொம்பு வண்டு முட்டை போடும்னு என் வாசல்ல ஒக்காந்து சொன்னது யாரு?

— நான்தான். ஆனா இது வேக வச்ச எரு. ஒரு புழுகூட உயிரோட இருக்காது.

— ஓலைக்கு வெந்தது வேகாதது தெரியாது. நேத்து என் மச்சானையே திருப்பி அனுப்பிட்டேன். இன்னும் திட்டிக்கிட்டிருக்கான்.

— எனக்காக ஒரு தடவ?

— உனக்காகத்தான் விடல. போன வருஷம் தலைநகரம் விலாவுலேருந்து உங்க ஆளுங்க வந்தாங்க. யாரையும் கேக்கல. என் தென்னையிலயே ஆணி அடிச்சு, எரு கொண்டு போகாதேன்னு பலகை மாட்டிட்டுப் போனாங்க.

— அந்தப் பலகை இப்ப எங்க?

— பன்றிக் கொட்டாய்க்குக் கூரை. ஒழுகாம இருக்கு.

— எங்ககிட்ட சொல்லவே இல்லையே.

— யாரு கேட்டா? நீ வந்த. பாயில ஒக்காந்த. என் வீட்டுக்காரி குடுத்த கிழங்கத் தின்ன. புழுவ என் உள்ளங்கையில வச்சு, என்ன செய்யலாம் தலைவரேன்னு கேட்ட. அப்பறம்தான ஓலைய நட்டேன்.

— ஓலை போட்ட தடை நிக்கலேன்னா உங்க ஊர்த் தென்னை மொத்தமும் வெட்டணுங்கறாங்க. வண்டு அந்தப் பக்கம் பரவக் கூடாதாம். இன்னைக்குத்தான் முடிவு.

— தெரியும். அதான் நகர மாட்டேங்கறேன். தாண்டினதுக்கு ஒரு பன்றி அபராதம். பல்லு வளைஞ்ச பன்றியா இருக்கணும்.

— என் சம்பளத்துக்கு அது கட்டாது.

— கடன் வாங்கு. ஏன் சிரிக்கற? கண்ணுல தண்ணி வேற.

— தூசி, தலைவரே.

— மழை பேஞ்ச ரோட்டுல தூசியா? சரி, பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருத்தர் வாயே தெறக்காம ஒக்காந்திருக்காரே, யாரு?

— எங்க ஆபீஸ் பெரியவர். முடிவு அவர்தான் சொல்லணும்.

— மூட்டை என்னுது தலைவரே, உங்க ஓலை நிக்குதான்னு சோதிக்கத்தான் ஏத்துனேன். மொகம் தெரிஞ்சவளுக்கு வழி விட்டுடுவீங்கன்னு இவகிட்ட அடிச்சுச் சொன்னேன். பன்றி நான் தர்றேன். உங்க ஊர்ல ஒரு தென்னைகூட விழாது.