“ரெடி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

அவையை அடக்கி ஆளும் ஆற்றலோடு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! மாடி மாடியாக விழுந்தும் மதிப்பில் மட்டும் விழாத மூத்த சண்டைக் கலைஞர்களே! காலையில் போன பிள்ளை கைகால் முழுசாகத் திரும்பும்வரை வாசலையே பார்த்திருந்து கண் சிவந்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அட்டைப்பெட்டி அடுக்குபவனின் அடக்கமான வணக்கம்!

ஆம், அடுக்குபவன்! உயரத்திலிருந்து குதிப்பவர் வந்து விழும் இடத்தில் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைப்பது என் வேலை. அதன்மேல் விழுவது, இதோ நாற்காலி நுனியில் நெளிகிறாரே, இன்றைய விழா நாயகி, என் மனைவி, அவருடைய வேலை. எங்கள் குடும்பமே இப்படித்தான் நடக்கிறது.

இவர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார்? படப்பிடிப்புக்குத் துணி தேய்த்துக் கொண்டுவருபவராக வந்தார்! ஒருநாள் கதாநாயகிக்கு டூப் போட வேண்டிய ஆண், விக்கும் வளையலும் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனவர், கீழே ஒரு பார்வை பார்த்தார். காய்ச்சல் என்று படுத்துவிட்டார். ஸ்டண்ட் மாஸ்டர் துணிமூட்டையோடு நின்ற பெண்ணின் உயரத்தை அளந்தார்.

“ஏம்மா, குதிப்பியா?”

“குதிச்சதில்லைங்க. அதான் கீழ பெட்டி இருக்கே?”

குதித்தார்! பெட்டிக் குவியலுக்குள் ஆளைக் காணோம். அசைவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: “யாருங்க இதை அடுக்கினது?”

“நா... நான்தாங்க.”

“மெத்துமெத்துன்னு இருக்குங்க. இன்னொரு தடவை போகட்டுமா?”

மணந்தால் இந்த மகராசியைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பின்வரிசையில் விசிலடிக்கும் நண்பரே, பொறுங்கள், மூச்சைச் சேமித்து வையுங்கள்.

அன்றிலிருந்து கண்ணாடியை உடைத்துக் காற்றில் பாய்ந்தவர் யார்? இவர்! ஓடுகிற லாரியிலிருந்து உருண்டவர் யார்? இவர்! நெருப்பில் நுழைந்து நெற்றிமுடி கருகி வந்தவர் யார்? இவர்! கைதட்டல் வாங்கியவர் யார்? “வேற யாரோ” என்கிறார் நடுவரிசையில் ஓர் அம்மா. சரியாகச் சொன்னீர்கள்!

டூப் போடுபவருக்கு ஒரே கட்டளை: முகம் கேமராவில் விழக்கூடாது. “ரெடி” என்று காதில் விழுந்தால் கழுத்து தானாகத் திரும்ப வேண்டும். இவருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எங்கள் கல்யாணத்தில் படமெடுப்பவர், பாவம், வழக்கம்போல் “ரெடி” என்றார். படம் வந்தது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு கொண்டை! அடுத்த படம், கொண்டை! ஆல்பம் முழுக்க அதே கொண்டை! பார்த்தவர்கள் எல்லாம், “பொண்ணுக்கு இஷ்டமில்லையா?” என்று என்னைத் தனியே அழைத்து விசாரித்தார்கள். சங்க அட்டையில் இவர் படம் இருக்குமே என்கிறீர்களா? இருக்கிறது. நல்ல காது.

எல்லோரும் சிரிக்கிறீர்கள். முதல் வரிசையில் இருக்கும் என் அத்தை, இவரைப் பெற்றவர், சிரிக்கவில்லை. மகள் நடித்த படமென்று தியேட்டருக்குப் போய், “அது எம்பொண்ணு முதுகு!” என்று எழுந்து நின்றவர் அவர். பின்னாலிருந்தவர், “உட்காருங்கம்மா, மறைக்குது” என்றதும், “நீங்க மூஞ்சியைப் பாருங்க, நான் முதுகைப் பாத்துக்கறேன்” என்றவர். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சுவத்துலயாவது அவ மூஞ்சி தெரியணும் மாப்பிள்ளை” என்றார்.

இந்த மன்றத்துச் சுவரில் முதன்முதலாக ஒரு பெண்ணின் படம் இன்று மாட்டப்பட வேண்டும். அதோ, ஆணி தயார். சட்டம் தயார். சட்டத்துக்குள்தான் ஒன்றுமில்லை! காலையிலிருந்து புகைப்படக்காரர் எடுத்ததெல்லாம் கொண்டை. ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

என்ன அத்தை? “பேசினது போதும்” என்கிறார். பேச்சாளனுக்கு இதைவிடப் பெரிய அடி உண்டா? அத்தை, எங்கே ஏறுகிறீர்கள்? நாற்காலிமேல் ஏறிவிட்டார்! அது மடக்கு நாற்காலி அத்தை, ஆடுகிறது!

“அம்மா! விழுந்துடுவே! எறங்கும்மா!”

கேட்டீர்களா? அலறியது யார்? மாடிக்கு அஞ்சாதவர், நெருப்புக்கு அஞ்சாதவர், ஒரு மடக்கு நாற்காலிக்கு அஞ்சி, முழு முகத்தையும் காட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார்! எடுத்துவிட்டீர்களா ஐயா? எடுத்தாயிற்றாம்! வாயைத் திறக்காமலே எடுத்துவிட்டார்!

“ஐயோ, அந்தப் படம் வேணாங்க, பயந்து போயி நிக்கிறேன்” என்கிறார் என் மனைவி. அதற்கு அத்தை சொல்வது பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? நானே சொல்கிறேன்: “அதையே மாட்டுங்க மாப்பிள்ளை. அடியே, நீ வேலைக்குப் போன நாளெல்லாம் என் மூஞ்சி இப்படித்தான்டி இருந்துச்சு. நீயும் பாத்துக்க.”

தலைவர் அவர்களே, அந்த முகமே மாட்டப்படும். தாய்மார்களே, அது உங்கள் முகமும்தான்.

கேட்ட செவிகளுக்கும் சிவந்த உள்ளங்கைகளுக்கும் நன்றி கூறி, வணங்கி, மேடையிலிருந்து ஓடுகிறேன். அத்தை, அசையாமல் நில்லுங்கள், பெட்டி அடுக்குபவன் வந்துகொண்டே இருக்கிறேன்!