பெருவிரலிலிருந்து கண் வரை

சனிக்கிழமை காலை 9.40 ரயிலில், ஹோம்புஷ் நிலையத்தில் ஏறிய ஒரு தம்பதி எனக்கு முன்னால் அமர்ந்தனர். கணவர் ஆறடிக்குக் குறையாதவர். மனைவி அவர் தோளுக்கும் எட்டமாட்டார்.

"நான் நித்திரையாக் கிடக்கேக்க என்னத்துக்கு என்னை அளந்தனீங்கள்?" என்றார் மனைவி.

"தொலைநோக்கி ஒண்டு ஓடர் குடுத்தனான். ஆளுயரம். நிண்டு பாக்கிற ஆளின்ரை கண் எவ்வளவு உயரம் எண்டு செய்யிறவன் கேட்டவன்."

"எனக்குச் சொல்லாமலோ?"

"சொன்னா விடமாட்டீர்."

"அதுக்கு என்ரை அளவு ஏன்?"

"என்ரை அளவிலை செய்தா உமக்கு ஏணி வேணும். உம்மடை அளவெண்டா நான் குனிஞ்சு பாப்பன்."

"விழுந்த கரண்டியை எடுக்கக் குனியாத மனுசன்! எங்கையிருந்து அளந்தனீங்கள்?"

"கால் பெருவிரலிலை இருந்து."

"படுத்திருந்தா பாதமும் நீட்டித்தானே கிடக்கும்! நான் நுனிக்காலிலை நிண்டோ சனிக்கிரகம் பாக்கிறது?"

கணவரின் முகம் மாறியது. "திங்கக்கிழமை கண்ணாடி தேய்க்கத் தொடங்கிறான். கண்ணாடியின்ரை குழிவைப் பொறுத்துத்தான் குழாயின்ரை நீளம்; பிறகு உயரம் மாத்தேலாதப்பா."

மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நிமிர்ந்து நின்றார். "அளவுங்கோ."

கணவரிடம் அளவுநாடா இல்லை. குதிக்காலிலிருந்து சாண் சாணாக ஏறினார். பெட்டியில் பலர் பத்திரிகையைத் தாழ்த்தினர்.

"கண்ணிலை குத்திப்போடாதேங்கோ."

"ஆறு சாணும் நாலு விரலும்."

"உடனை போன் பண்ணுங்கோ. சாண், விரல் எண்டு சொல்லாமல் சென்டிமீற்றரிலை சொல்லுங்கோ. விசரன் எண்டு நினைச்சு அவன் ஓடரைக் கான்சல் பண்ணிப்போடுவான்."