நைட்ரஜனுக்கு வாசனை இல்லை

ஆய்வகத்துக்குள் தேநீர் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவன் நான். முப்பத்தொரு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து தேநீர் குடித்தவனும் நான்தான். பேராசிரியருக்கு அவ்வளவு சலுகைகூட இல்லையென்றால் எப்படி என்று என் மச்சினன் கேலி செய்வான்.

அவன் என் மனைவியின் தம்பி. தாய் இறந்தபோது அவனுக்கு ஏழு வயது. இவள்தான் தூக்கி வளர்த்தாள். எங்கள் துறையில் தொழில்நுட்பப் பணியாளர் இடம் காலியானபோது நான்தான் சேர்த்துவிட்டேன். சிபாரிசு என்று முணுமுணுத்தவர்கள் ஆறே மாதத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படியொரு கைநேர்த்தி. ஆய்வகத்தில் "சார்", வாசலைத் தாண்டினால் "அத்தான்". பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

மாணவர்களை வைத்து ஒரு செயற்கைக்கோள் செய்தோம். தையல் இயந்திரம் அளவுதான் இருக்கும். ஏவுவதற்கு முன் அதை ஏழு நாள் வெற்றிடக் கலத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். கலம் என்றால் ஆள் நிமிர்ந்து நடந்து போகக்கூடிய எஃகு உருளை. காற்றை உறிஞ்சிவிட்டு மாறி மாறிச் சுடவைப்போம், உறையவைப்போம். மேலே படப்போகிற பாட்டை இங்கேயே பட்டுவிடட்டும் என்றுதான். ஆனால் நாள் நெருங்கிவிட்டது. ராக்கெட்டில் ஒதுக்கிய இடம் கைநழுவிவிடும் போலிருந்தது. இரண்டாம் நாளே சோதனையை நிறுத்தினேன். மீதி ஐந்து நாள் அளவுகளை நானே உட்கார்ந்து எழுதினேன். பொய் என்று சொல்ல மாட்டேன்; என்ன வந்திருக்குமோ அதைத்தான் எழுதினேன். மச்சினன் கையெழுத்துப் போட்டான்.

மேலே போன ஆறாம் நாள் அது ஊமையானது. விசாரணைக் குழு அமைத்தார்கள். துணைவேந்தர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த மாதம் அது.

குழு வருவதற்கு முந்தைய வியாழக்கிழமை, ஆய்வகத்துக்குள்ளேயே அவன் என்னை அத்தான் என்று கூப்பிட்டான்.

"அத்தான், அவங்க கேட்டா நான் உள்ளதச் சொல்லிடுவேன்."

"வேலை போயிடும்டா."

"போகட்டும். பிள்ளைங்க செஞ்சதுலதான் கோளாறுன்னு பேசிக்கிறாங்க. ஒரு பொண்ணு படிப்பையே விட்டுட்டுப் போயிட்டா. எனக்குச் சோறு எறங்கல."

"சரிப்பா. உன் மனசுக்கு எது சரியோ அதச் செய்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்குக் கோபமே இல்லை. கோபத்தில் எதையும் செய்கிறவன் நான் அல்ல.

சும்மா இருக்கும்போது கலத்தில் ஈரம் சேராமலிருக்க நைட்ரஜன் நிரப்பி வைப்போம். ஆள் நுழையுமுன் அதை வெளியேற்றி நல்ல காற்று விட வேண்டும். வாசலில் ஆக்சிஜன் அளக்கும் கருவி ஒன்று தொங்கும். அளவு குறைந்தால் அலறும். வெள்ளிக்கிழமை அதைச் சரிபார்க்க அனுப்பினேன். பதிவேட்டில் முறையாகக் குறித்தும் வைத்தேன். சனிக்கிழமை காலை, குழு பார்க்க வரும், உள்ளே ஒரு தடவை துடைத்துவிடு என்றேன். போனான்.

நைட்ரஜனுக்கு வாசனை இல்லை. மூச்சு முட்டாது, வலிக்காது. இரண்டு மூச்சில் நினைவு போய்விடும். கண்ணாடித் துவாரம் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தபோதும் அவன் துணியைக் கையிலிருந்து விடவே இல்லை. பதினைந்து நிமிடம் கழித்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

கவனக்குறைவால் இறந்தான் என்று குழு முடிவு செய்தது. அளவுகளைப் புனைந்தவனும் அவனே என்றது. கையெழுத்து அவனுடையதுதானே. செத்தவன் வாயில் சொல் ஏது? அவன் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று நான் எவ்வளவோ மன்றாடினேன். அறிக்கையிலேயே இருக்கிறது, பாருங்கள்.

துணைவேந்தரானதும் அவன் நினைவாக ஆண்டுதோறும் ஒரு பாதுகாப்புச் சொற்பொழிவு ஏற்பாடு செய்தேன். முதல் சொற்பொழிவு என்னுடையது. அரங்கமே எழுந்து நின்றது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடி மனைவி கேட்டாள்:

"காத்து மாத்தியாச்சான்னு கேக்காம அவன் அதுக்குள்ள காலே வைக்க மாட்டான். நம்ம வீட்டுப் பரணுல ஏறும்போதுகூட வெளையாட்டா அதத்தான் கேப்பான். அன்னிக்கு யாருகிட்ட கேட்டான்?"

அன்று ஆய்வகத்தில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"என்கிட்டதான்."

"என்ன சொன்னீங்க?"

"மாத்தியாச்சுன்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். காற்றை மாற்றவில்லை. தெரிந்தேதான் அனுப்பினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தச் சொற்பொழிவு மட்டும் நின்றுவிடக் கூடாது. வருடா வருடம் இங்கிருந்தே எழுதி அனுப்புகிறேன், யாராவது வாசிக்கட்டும். அவனுக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?