மூன்றாவது பிரதி கிங்ஸ்பரியில்

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள். மாமிக்கும் அதையே செய்துகொடுத்தேன். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று. அலுமாரிக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்று. வீடே எரிந்தாலும் தப்பட்டும் என்று, மூன்றாவது டிஸ்க் கிங்ஸ்பரியில் அவருடைய தம்பி குகநாதன் வீட்டில்.

"டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போட்டா சாகப்போகுது, மாமி. அண்டைக்கே கொப்பி எடுத்துப்போட வேணும்."

"காய்ச்சல்காரப் பிள்ளையைப் பாக்கிறமாதிரிப் பாக்கச் சொல்லுறீர்," என்று சிரித்தார்.

அதில் இருந்த படங்களும் வீடியோக்களும் ஜதுர்ஷிகாவுடையவை. மாமியின் ஒரே மகள். பதினான்கு மாதம் என் மனைவி. 2008 தை மாதம், மூளையில் இரத்தக் கசிவு. வயது இருபத்தாறு.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுப் புத்தகம் அடித்தார்கள். அட்டையில் எங்கள் கல்யாணப் படம். என்னை வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் என் விரல்கள் நான்கு மட்டும் மிச்சம்.

"நீர் இளம் பிள்ளை, தம்பி," என்றார் மாமி. "நாளைக்கு இன்னொரு கலியாணம் கட்டத்தானே வேணும். உம்மட நன்மைக்குத்தான்."

ஒரு வடை சாப்பிட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை வைரஸ் பார்ப்பதாகச் சொல்லி மாமி வீட்டுக்குப் போனேன். கிங்ஸ்பரி டிஸ்க்கைக் குகநாதனே காரில் கொண்டுவந்து தந்தார். எல்லாவற்றையும் என் டிஸ்க்கில் எடுத்துக்கொண்டேன். பிறகு அவர்களுடைய மூன்றையும் ரகசியக் குறியீட்டால் பூட்டினேன். திறக்கும் சாவியை வைத்துக்கொள்ளவில்லை. திரையில் ஒரு அறிவித்தல் விட்டேன்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, இந்த ஈமெயிலுக்கு எழுதவும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ்கள் அப்போது உலவின. யாரும் சந்தேகப்படவில்லை.

"எவ்வளவு கேக்கிறாங்கள், தம்பி? வீட்டை வித்தெண்டாலும் குடுப்பம்."

"அவங்களை நம்ப ஏலாது, மாமி," என்றேன். அது நல்ல ஆலோசனை.

அந்த ஈமெயில் என்னுடையது. மாமி வாரம் தவறாமல் எழுதுகிறார். அவருடைய மகன் யனுஷன் டைப் அடித்துக் கொடுக்கிறான். 'ஐயா, எல்லாம் வேண்டாம். பிள்ளை அம்மா எண்டு கூப்பிடுற வீடியோ ஒண்டு மட்டும் தாங்கோ.' முப்பத்தெட்டு வந்துவிட்டன. நான் பதில் போடுவதில்லை. பதில் போட்டால் நம்பிக்கை வைப்பார். அது கொடுமை.

நான் செய்தது பிழை என்று யாரும் சொல்ல வேண்டாம். வெட்டத் தெரிந்தவர்கள் கையில் அவளை விட்டுவைக்க முடியாது. இப்போது அவள் என் மேசையின் இழுக்கும் லாச்சியில், அந்த ஒரே டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறாள். கல்யாணப் படத்தில் என் கை முழுதாக இருக்கிறது. இன்னொரு பிரதி நான் எடுக்கவில்லை. எடுத்தால் அது யார் கைக்காவது போய்ச் சேரும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து டிஸ்க் டிக் டிக் என்கிறது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும்.